டப்ளினில் கடை மாறும்போது கட்டடத்துக்கு என்ன ஆகிறது?

டப்ளின் நகர மையத்தைப் பற்றி வரும் செய்திகளில் இரண்டு விஷயங்கள் அடிக்கடி சேர்ந்தே வரும். தலைமுறை தலைமுறையாக நடந்த கடை ஒன்று மூடப்படுகிறது. பாதுகாப்புப் பட்டியலில் இருந்த கட்டடம் ஒன்று சிதிலமாகிக் கிடக்கிறது, அல்லது அதில் முகப்பு மட்டும் மிச்சமிருக்கிறது. படிப்பவருக்கு எழும் கேள்வி நியாயமானதுதான்: சட்டம் இருக்கிறதே, பட்டியலும் இருக்கிறதே, அப்புறம் எப்படிக் கட்டடம் போகிறது?

1960களில் டப்ளினின் பழைய கட்டடங்கள் ஒரேயடியாக இடிக்கப்பட்டன. இப்போது அப்படி இடிப்பது கடினம். அதனால் அவை மாடி மாடியாக, மெதுவாகப் போகின்றன. சட்டம் முதல்வகை இழப்பைத் தடுக்க எழுதப்பட்டது. இரண்டாவதற்கான காரணம் தரைத்தளக் கடையின் வாடகைக் கணக்கில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, முதலில் கட்டடம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

## கீழே கடை, மேலே வீடு

டப்ளினின் மையத் தெருக்களுக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்ததில் பெரும்பங்கு ஓர் அரசு அமைப்புக்கு உண்டு. 1757-ல் அயர்லாந்து நாடாளுமன்றம் போட்ட சட்டத்தால் உருவான அகலத் தெருக்கள் ஆணையம் அது. நிலத்தைக் கையகப்படுத்தி, குறுகலான இடைக்காலத் தெருக்களை உடைத்து, நேரான அகலத் தெருக்களைப் போட்டது. பார்லிமென்ட் தெரு, அகலமாக்கப்பட்ட டேம் தெரு, இன்றைக்கு ஓ'கானல் தெரு எனப்படும் பழைய சாக்வில் தெருவை லிஃபி ஆற்றங்கரை வரை நீட்டியது, வெஸ்ட்மோர்லாண்ட் தெரு, டோலியர் தெரு எல்லாம் அதன் கைவேலை. கடைசி இரண்டில், தரைத்தளத்தில் கடைகள், மேலே குடியிருப்பு என்று வரிசை முழுவதையும் ஒரே வடிவில் திட்டமிட்டார்கள். கடையும் வீடும் ஒரே கட்டடத்தில் இருப்பது பிறகு வந்த ஒட்டுவேலை அல்ல, அந்தத் தெருக்களின் மூலத்திட்டமே அதுதான்.

மற்ற இடங்களில் கதை வேறு. 18-ஆம் நூற்றாண்டில் பணக்காரர்களுக்காகக் கட்டிய செங்கல் வீடுகளைத்தான் இன்று ஜார்ஜியன் வீடுகள் என்கிறோம். அடித்தளத்துக்கு மேல் மூன்று, நான்கு மாடி, உள்ளே நுணுக்கமான சுதை வேலைப்பாடு, பக்கவாட்டில் ஒரு நடை, அதன் முடிவில் பின்பக்கம் மாடிப்படி. இந்த நடையையும் படியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1801-ல் பிரிட்டனோடு ஒன்றியச் சட்டம் நடைமுறைக்கு வந்து டப்ளின் நாடாளுமன்றம் கலைந்தது. பிரபுக்கள் லண்டனுக்குப் போய்விட்டார்கள். ஆற்றுக்குத் தெற்கே பல வீடுகள் அலுவலகங்களாகவும் கடைகளாகவும் மாறின. வடக்கே பல வீடுகள் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விடப்பட்ட நெரிசல் குடியிருப்புகள் ஆயின. ஹென்ரியெட்டா தெரு 14-ஆம் எண் வீட்டில் மட்டும் 1911 கணக்கெடுப்பின்போது 100 பேர் இருந்தார்கள். இன்று அது அருங்காட்சியகம்.

ஜார்ஜியன் வீடுகளுக்கும் முந்தையவை இன்னும் தந்திரமானவை. 'டச்சு பில்லி' என்று உள்ளூரில் சொல்லப்படும் முக்கோண முகடு வைத்த வீடுகள் பல, பின்னர் நாகரிகம் மாறியபோது முகட்டை மறைத்து நேர்ச்சுவர் எழுப்பப்பட்டவை. வெளியே பார்த்தால் சாதாரணப் பழைய கடை, உள்ளே அதைவிட ஒரு நூற்றாண்டு பழைய சட்டகம். ஆங்கியர் தெரு 9/9ஏ இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. பின்னாளைய முகப்புக்குப் பின்னால் 1664-ஆம் ஆண்டைச் சேர்ந்த மரச்சட்டக வீடு இருப்பது தெரியவந்தது. நகரத்தில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடுகளில் ஒன்று, கடைமுகப்புக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. வெளித்தோற்றத்தை வைத்துக் கட்டடத்தின் மதிப்பை எடைபோடுவது டப்ளினில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது ஒன்றே போதும்.

## ஒரேயடியாகப் போனவை

முதலில் போர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியில் ஓ'கானல் தெருவின் கீழ்ப்பகுதி பீரங்கியிலும் தீயிலும் போனது. 1922 உள்நாட்டுப் போரில் மேல்பகுதி போனது. இன்று அந்தத் தெருவில் 'பழமையானது' என்று நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை 1917-க்கும் 1930-க்கும் இடையே திரும்பக் கட்டியவை. அவையும் நல்ல கட்டடங்கள்தான், அது வேறு விஷயம்.

பிறகு அமைதிக்காலம். 1963 ஜூன் மாதம் சில நாட்கள் இடைவெளியில் போல்டன் தெருவிலும் ஃபீனியன் தெருவிலும் பழைய வீடுகள் சரிந்தன. போல்டன் தெருவில் ஒரு முதிய தம்பதியும், ஃபீனியன் தெருவில் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். மாநகராட்சி பீதியடைந்தது. ஆபத்தான கட்டடம் என்ற முத்திரை தாராளமாகக் குத்தப்பட்டு, பழுது பார்த்திருக்கக்கூடிய பல வீடுகளும் இடிக்கப்பட்டன. மாநகராட்சியை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது, உயிர்கள் போயிருந்தன. ஆனால் பழைய வீட்டை வைத்திருந்தவர்களில் பலருக்கு இந்த முத்திரை வசதியான வழியாகவும் அமைந்துவிட்டது.

அதே காலத்தில்தான் ஈ.எஸ்.பி. எனப்படும் அரசு மின்வாரியம், கீழ் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 ஜார்ஜியன் வீடுகளை இடித்து அலுவலகம் கட்டியது. மெரியன் சதுக்கத்தின் ஓரமாக நீண்டு செல்லும், உடையாத ஜார்ஜியன் வரிசையின் நடுவில் விழுந்த ஓட்டை அது. 1958-ல் தொடங்கப்பட்ட ஐரிஷ் ஜார்ஜியன் சங்கம் எதிர்த்துப் பார்த்தது. பிரபல ஆங்கிலேயக் கட்டடக்கலை வரலாற்றாளர் ஜான் சம்மர்சன், வாரியம் கேட்டதன்பேரில் வந்து பார்த்து, அந்த வரிசையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிற மாதிரிக் கருத்துச் சொன்னார். 1965-ல் வீடுகள் போயின. அரை நூற்றாண்டுக்குப் பிறகு வாரியமே தன் கட்டடத்தை இடித்து, தெருவின் பழைய தாளத்துக்கு இசைய முகப்பை அமைத்துப் புதிதாகக் கட்டிக்கொண்டது.

1969-70-ல் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் பூங்காவை ஒட்டிய ஹியூம் தெரு வீடுகளை மாணவர்கள் ஆக்கிரமித்துப் போராடியதன் முடிவு விசித்திரமானது. வீடுகள் தப்பவில்லை. அந்த இடத்தில் வந்த அலுவலகங்களுக்கு ஜார்ஜியன் மாதிரி முகப்பு வைக்கப்பட்டது. டப்ளினில் முகப்பு அரசியல் தொடங்கிய இடம் இதுவென்றே சொல்லலாம்.

## சட்டம் எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை

1963-ன் திட்டமிடல் சட்டத்தில் பட்டியலிடும் வசதி இருந்தது, பல் இல்லை. உண்மையான பாதுகாப்பு 1999 திருத்தத்தோடும், அதைச் சேர்த்துக்கொண்ட 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தோடும்தான் வந்தது. 2024-ல் புதிய திட்டமிடல் சட்டம் நிறைவேறி, பகுதி பகுதியாக நடைமுறைக்கு வருகிறது. இங்கே சொல்வது 2000 சட்டத்தின் அடிப்படை அமைப்பு.

1. பாதுகாக்கப்பட்ட கட்டமைப்பு. டப்ளின் மாநகராட்சியின் பதிவேட்டில் 8,000-க்கும் மேற்பட்டவை உள்ளன. பதிவானால் வெளிச்சுவர் மட்டுமல்ல, உட்புறம், மனையோடு சேர்ந்த சுற்றுப்பகுதி எல்லாமே பாதுகாப்பில் வரும். கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் எந்த வேலைக்கும் அனுமதி வேண்டும். பெயிண்ட் அடிப்பதுகூட சில சமயம் இதில் சேரும்.

2. பராமரிக்கும் கடமை. உரிமையாளரோ அனுபவிப்பவரோ கட்டடத்துக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தவறினால் மாநகராட்சி நோட்டீஸ் அனுப்பலாம், தானே பழுது பார்த்துச் செலவை வசூலிக்கலாம், கட்டாயமாகக் கையகப்படுத்தவும் செய்யலாம். காகிதத்தில் இது பலமான அதிகாரம். நடைமுறையில் இதற்கு ஆளும் பணமும் வேண்டும்.

3. கட்டடக்கலைப் பாதுகாப்புப் பகுதி. தெரு முழுவதையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு. ஆனால் இது வெளித்தோற்றத்துக்கு மட்டும். பதிவேட்டில் இல்லாத வீடு என்றால் உள்ளே என்ன செய்தாலும் இதில் கட்டுப்பாடு இல்லை.

4. வணிகப் பயன்பாடு. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான். ஐரிஷ் திட்டமிடல் விதிகளில் கடை என்பது ஒரே வகுப்பு. புத்தகக்கடை போய் அந்த இடத்தில் செல்போன் கடையோ நினைவுப்பொருள் கடையோ வந்தால், கடையிலிருந்து கடைக்கு மாற்றம், பொதுவாக அனுமதியே தேவையில்லை. சுவரைக் காக்கும் சட்டத்துக்கு அந்தச் சுவருக்குள் யார் என்ன விற்கிறார்கள் என்பது தெரியாது.

நான்காவதுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஓ'கானல் தெருவும் கிராஃப்டன் தெருவும் 'சிறப்புத் திட்டமிடல் கட்டுப்பாட்டுப் பகுதி'கள். அங்கே குறிப்பிட்ட சில வகைக் கடைகளுக்கு மாற அனுமதி வாங்க வேண்டும், பெயர்ப்பலகையிலும் ஷட்டரிலும்கூட கட்டுப்பாடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கடை வருவதைத் தடுக்கலாமே ஒழிய, மூட நினைக்கும் கடையை நடத்தச் சொல்லி எந்த விதியாலும் கட்டாயப்படுத்த முடியாது.

## வாடகை: ஏறுமே தவிர இறங்காது

இங்கே பியூலிஸ் ஓரியண்டல் கஃபே பற்றிச் சொல்லியாக வேண்டும். கிராஃப்டன் தெருவில் 1927-ல் திறந்த காபிக்கடை. எகிப்தியப் பாணியில் வண்ணமயமான முகப்பு, உள்ளே ஐரிஷ் கலைஞர் ஹாரி கிளார்க் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். கட்டடமும் கடையும் ஒன்றாகவே பிறந்த அரிய இடம்.

1987-ல் இந்த இடத்துக்கு 35 ஆண்டுக் குத்தகை போடப்பட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வாடகை மறுஆய்வு. அயர்லாந்தில் அப்போது வழக்கமாக இருந்த ஷரத்து ஒன்று அதில் இருந்தது: மறுஆய்வில் வாடகை ஏறலாம், அல்லது அப்படியே இருக்கலாம், இறங்கக் கூடாது. சொத்துவிலைக் குமிழி உச்சத்தில் இருந்த 2007-ல் வாடகை ஆண்டுக்குச் சுமார் 14.6 லட்சம் யூரோவாக நிர்ணயமானது, முன்பிருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அடுத்த வருடமே குமிழி உடைந்தது. தெருவில் புதிதாக வருபவர்களுக்கு வாடகை சரிந்தது, பழைய குத்தகைக்காரருக்கு மட்டும் 2007-லேயே நின்றுவிட்டது. கஃபே வழக்குப் போட்டு 2013-ல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது.

இதுபோன்ற ஷரத்துகள் 2010 பிப்ரவரி 28-க்குப் பிறகு போடப்படும் குத்தகைகளில் செல்லாது என்று சட்டம் வந்துவிட்டது. பழைய குத்தகைகளுக்கும் அதை நீட்டிக்க அரசு முயன்று, அரசியலமைப்புச் சிக்கல் என்று சொல்லி 2011 இறுதியில் கைவிட்டது. ஆக, தடைக்குச் சற்று முன்பு 35 ஆண்டுக்குக் கையெழுத்தான குத்தகை ஏதும் இருந்தால், அது 2045 வரை அந்த ஷரத்தோடேயே ஓடும்.

இப்படிப்பட்ட வாடகையை யாரால் கட்ட முடியும்? பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தால் முடியும், ஒரு கிளையின் நஷ்டத்தை விளம்பரச் செலவு என்று எழுதிவிடலாம். உள்ளூரில் ஒரே கடை வைத்திருப்பவரால் முடியாது. இதோடு 1996-ல் பிளான்சர்ட்ஸ்டவுன், 1998-ல் லிஃபி வேலி, 2005-ல் டண்ட்ரம் என்று நகரைச் சுற்றிப் பெரிய மால்கள் வந்தன, பிறகு இணைய வியாபாரம். பெரிய கடைகளும் அசைந்தன.

பியூலிஸ் வழக்கில் ஒரு பின்குறிப்பும் உண்டு. ஹாரி கிளார்க் சன்னல்கள் கட்டடத்தின் பகுதியா, கடைக்காரரின் உடைமையா என்று தனி வழக்கு நடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் ஆறில் நான்கு கட்டடத்தைச் சேர்ந்தவை, இரண்டு கஃபேயைச் சேர்ந்தவை என்றது. அப்புறம் அது மேல்முறையீட்டுக்கும் போனது. கடையும் கட்டடமும் எங்கே பிரிகின்றன என்று கண்ணாடி கண்ணாடியாக நீதிமன்றம் எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

## காணாமல் போகும் மாடிப்படி

சரி, வாடகை ஏறினால் கடை மாறும். கட்டடம் ஏன் கெட வேண்டும்? இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். நடப்பது ஏறக்குறைய இந்த வரிசையில்:

1. தரைத்தளத்தில் ஒவ்வொரு சதுர அடிக்கும் வாடகை அதிகம். கடையின் ஓரமாக, தெருக்கதவிலிருந்து மாடிப்படிக்குப் போகும் அந்த நடை, கடைக்காரர் கண்ணில் வீணாகும் இடம்.

2. தடுப்பை எடுத்து நடையைக் கடையோடு சேர்க்கிறார்கள். கடைமுகப்பு அகலமாகிறது, காட்சிக்கண்ணாடி பெரிதாகிறது. மாடிக்கான தனிவாசல் போய்விடுகிறது. பல இடங்களில் கீழ்ப்படிகளே எடுக்கப்பட்டன.

3. இனி மாடிக்குப் போக வேண்டுமென்றால் கடை வழியாகத்தான். வாடகைக்கு யாரும் வர மாட்டார்கள். மாடி முதலில் சரக்கு அறையாகிறது. தினமும் சரக்கு வந்திறங்கும் சங்கிலிக்கடை வந்தால் அதுவும் தேவைப்படாமல் காலியாகிறது.

4. ஆள் இல்லாத மாடியில் கணப்பு எரிவதில்லை. கூரையில் ஒரு ஸ்லேட் நகர்ந்தால், வடிகாலில் இலை அடைத்தால், யாருக்கும் தெரியாது. ஈரம் இறங்கி உத்தரத்தின் முனைகளை உளுத்துப்போகச் செய்கிறது, சுதை வேலைப்பாடு பெயர்ந்து விழுகிறது. கீழே, புது பொய்க்கூரைக்கு அடியில், வியாபாரம் பளபளவென்று நடக்கிறது.

5. ஒருநாள் பொறியாளர் அறிக்கை வருகிறது. அதற்குள் பழுதுச் செலவு மாடியிலிருந்து கிடைக்கக்கூடிய வாடகையைத் தாண்டிவிட்டிருக்கும். முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் புதிதாகக் கட்ட அனுமதி கேட்கப்படும், அல்லது கட்டடம் அப்படியே விடப்படும்.

இதில் முதல் இரண்டு படிகள் பெரும்பாலும் 1999 திருத்தத்துக்கு முன்பே, அனுமதி கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாத காலத்தில் நடந்து முடிந்துவிட்டன. இன்றைய சட்டம் பாதுகாப்பது ஏற்கெனவே படியை இழந்த கட்டடத்தை.

சரிசெய்ய முயற்சிகள் நடக்காமல் இல்லை. 1990களில் 'கடைக்கு மேல் வாழ்வோம்' என்ற வரிச்சலுகைத் திட்டம் வந்தது, அவ்வளவாக எடுபடவில்லை. 2015-ல் டப்ளின், கார்க், லிமெரிக், கால்வே, வாட்டர்ஃபோர்ட், கில்கென்னி நகரங்களுக்கு 'லிவிங் சிட்டி' சலுகை வந்தது, அதற்கும் எதிர்பார்த்த கூட்டம் இல்லை. காரணம் வரி அல்ல, படி. 1981-ல் ஸ்டார்டஸ்ட் நடனக்கூடத் தீயில் 48 பேர் இறந்தபிறகு அயர்லாந்தில் தீப்பாதுகாப்பு விதிகள் இறுகின, இறுக வேண்டியவைதான். நான்கு மாடி பழைய வீட்டில் மேலே குடிவைக்க வேண்டுமானால் தீ தாங்கும் தனி வெளியேறும் வழி காட்ட வேண்டும். அந்த வழி கீழே கடையின் துணி அடுக்குகளுக்கு நடுவே இருந்தது. அதை மீட்க வேண்டுமானால் தரைத்தளத்தில் வாடகை வரும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். எந்த வரிச்சலுகையும் அந்த இழப்புக்கு ஈடாகவில்லை.

## முகப்பு மட்டும் போதுமா?

உள்ளே எல்லாவற்றையும் அகற்றி முன்சுவரை மட்டும் நிறுத்திவைத்துப் புதிதாகக் கட்டுவதற்கு டப்ளினில் நீண்ட வரலாறு உண்டு. உச்சக்கட்ட வேடிக்கை டேம் தெருவில்: 1970களில் மத்திய வங்கிக்காக இடிக்கப்பட்ட 1799-ஆம் ஆண்டு கமர்ஷியல் பில்டிங்ஸின் முகப்பு, பக்கத்திலேயே 90 பாகை திருப்பி மறுபடி கட்டப்பட்டது. அதே முகம், வேறு திசை.

கிளெரிஸ் இதைவிட மரியாதையான எடுத்துக்காட்டு. ஓ'கானல் தெருவில் 1853-ல் தொடங்கிய பல்பொருள் அங்காடி, 1916-ல் அழிந்து, 1922-ல் இன்றைய பெரிய தூண் முகப்போடு திரும்பத் திறந்தது. 2015 ஜூன் 12 அன்று ஒரே நாளில் மூடப்பட்டது, 460 பேர் வேலை இழந்தார்கள். எப்படி நடந்தது என்பதில்தான் பாடம். வியாபாரம் நடத்தும் கம்பெனியும் கட்டடம் வைத்திருக்கும் கம்பெனியும் தனித்தனியாக இருந்தன. வியாபாரக் கம்பெனி 1 யூரோவுக்குக் கைமாறி, உடனே மூடப்பட்டது. கட்டடம் கோடிக்கணக்கில் மதிப்புள்ள சொத்தாக நின்றது. இப்போது அங்கே கடைகள், அலுவலகம். முகப்பும் கடிகாரமும் பத்திரம். அந்த முகப்பு எதற்காகக் கட்டப்பட்டதோ அந்த அங்காடி இல்லை.

## எதிர்பாராமல் தப்பியவை

டெம்பிள் பார் என்ற நகர மையப் பேட்டை தப்பியது ஒரு இடிப்புத் திட்டத்தால். அரசுப் போக்குவரத்து நிறுவனம் அங்கே பேருந்து நிலையம் கட்ட வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கியது. வேலை தொடங்கும் வரை சும்மா கிடக்க வேண்டாமே என்று, குறுகிய காலத்துக்கு, குறைந்த வாடகைக்கு விட்டது. ஓவியர்களும் இசைக்குழுக்களும் பழைய துணிக்கடைகளும் சின்ன உணவகங்களும் வந்து சேர, பேட்டை உயிர் பெற்றது. 1991-ல் அரசு பேருந்து நிலையத்தைக் கைவிட்டு, பகுதியைப் பாதுகாக்கத் தனி நிறுவனம் அமைத்தது. பிறகு புகழ் வந்தது, வாடகை ஏறியது, மதுக்கூடங்கள் வந்தன; ஆரம்பத்தில் வந்தவர்களில் பலர் வெளியேறினார்கள். கட்டடங்கள் நிற்கின்றன.

பிரான்சிஸ் தெருவின் ஐவி மார்க்கெட் நேர் எதிர். கின்னஸ் குடும்பத்தின் ஐவி பிரபு கட்டிக்கொடுத்து 1906-ல் திறந்தது. சந்தையாக இருக்கும்வரைதான் மாநகராட்சிக்கு என்று பத்திரத்திலேயே நிபந்தனை. கட்டடத்தோடு பயன்பாட்டையும் சேர்த்துக் கட்டிப்போட்ட அபூர்வமான ஏற்பாடு. 1990களில் சந்தை மூடப்பட்டது, கட்டடம் பாழடைந்தது. 2020 டிசம்பரில் இன்றைய ஐவி பிரபு நிபந்தனையைக் காட்டி அதைத் தன் வசம் எடுத்துக்கொள்ள, விவகாரம் நீதிமன்றம் போனது.

வேலை செய்யும் வழி ஒன்றும் இருக்கிறது, மெதுவானது. 1992-ல் தொடங்கிய டப்ளின் சிவிக் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை கெட்டுப்போன கடைவீடுகளை வாங்கி, பழைய முறையில் பழுது பார்த்து, விற்று, அந்தப் பணத்தில் அடுத்ததை வாங்குகிறது. ஆற்றங்கரையில் மேல் ஓர்மண்ட் கீ 18-ஆம் எண் வீட்டில் 1840களின் வளைவுக் கடைமுகப்பையே மீட்டெடுத்தார்கள். ஒரு வீட்டுக்கே சில வருடங்கள் ஆகிவிடுகிறது.

2018-ல் அரசு ஒரு குறுக்குவழி திறந்தது: காலியான வணிக இடத்தை, ஒன்பது வீடுகள் வரை, திட்டமிடல் அனுமதி இல்லாமலேயே குடியிருப்பாக்கலாம் என்றது. தீப்பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், அது மாறவில்லை. ஆனால் கட்டடம் பாதுகாக்கப்பட்ட கட்டமைப்பு என்றால் இந்தச் சலுகை தானாகக் கிடைக்காது. அந்த வேலை கட்டடத்தின் தன்மையைப் பாதிக்காது என்று மாநகராட்சியிடம் முதலில் எழுத்து வாங்க வேண்டும். அது கிடைக்கவில்லை என்றால் வழக்கமான அனுமதி விண்ணப்பம்தான். ஆகவே இந்தக் குறுக்குவழி முதலில் பயன்படுவது அதிக வயதில்லாத, பட்டியலில் இல்லாத கட்டடங்களுக்கு. கிராஃப்டன் தெருவையும் டோலியர் தெருவையும் போன்ற இடங்களில், கடைக்கு மேல் இருண்டு கிடக்கும் பட்டியல் வீடுகளுக்கு வழி இன்னும் நீளம்தான்.